ஆறு தோட்டாவுக்கு இருபத்து மூன்று கடலை

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீடு ஹவில்தார் மாமாவுடையது. ராணுவத்தில் 17 ஆண்டுகள் இருந்தவர். பிறகு ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு 14 ஆண்டுகள் ஸ்டூலில் உட்கார்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் சண்டைப் படம் ஓடினால், பழைய செய்தித்தாளை விரித்து வறுத்த வேர்க்கடலையைக் கொட்டிக்கொள்வார். திரையில் ஒரு குண்டு வெடித்தால் ஒரு கடலையை எடுத்து ஓரமாக வைப்பார். கதாநாயகன் கையில் இருப்பது ஆறு தோட்டா கொள்ளும் ரிவால்வர். காட்சி முடியும்போது ஓரத்தில் 23 கடலைகள் இருக்கும். மாமா வாய் திறக்க மாட்டார். உபரியாகக் கிடக்கும் அந்த 17 கடலைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தின்று முடிப்பார்.

சென்ற மாதம் எதிர்வீட்டுத் தம்பி ஒரு குறும்படக் கதையோடு என்னிடம் வந்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை ஏலம், ஒரு கடத்தல் கும்பல், கடைசியில் துப்பாக்கிச் சண்டை. ஏலக் காட்சியைப் படித்தபோது மீன் வாடையே அடித்தது. எந்தக் கூடையில் வஞ்சிரம், எதில் சங்கரா, ஐஸ் உடைப்பவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதுவரை ஒரு பிசகும் இல்லை. துப்பாக்கி வந்த பக்கத்திலிருந்து எல்லாமே அவன் பார்த்த படங்களிலிருந்து எடுத்தது. அவனை மாமாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அன்று மாலை அவர் சொன்னதையும், கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நான் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். மீனுக்குக் காட்டிய அக்கறையைத் துப்பாக்கிக்கும் காட்ட நினைப்பவர்களுக்கு உதவும்.

முதல் தவறு கணக்கில்தான். ரிவால்வர் என்றால் பெரும்பாலும் ஆறு. கிளாக் 17 பிஸ்டலின் வழக்கமான மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 17. ஏ.கே. 47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு வீதம் சுடும் என்பதைக் கேட்டு நம் இயக்குநர்கள் மயங்கிவிடுகிறார்கள். அதன் மேகசினில் இருப்பது 30. வகுத்துப் பாருங்கள், விசையை விடாமல் அழுத்தினால் மூன்றே விநாடியில் காலி. படத்தில் ஒரு பாட்டின் சரணம் முடியும்வரை சுடுகிறார்கள். நம் நாட்டு இன்சாஸ் துப்பாக்கியின் மேகசின் வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். அதை வைத்தே ஒரு நல்ல பதற்றக் காட்சி எடுக்கலாம், யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. அந்த இன்சாஸ் ஒற்றைக் குண்டாகவோ மும்மூன்றாகவோ சுடுவதற்குத்தான் வடிவமைக்கப்பட்டது. திரையில் போலீஸ்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல அதைப் பிடித்து வீசுகிறார்.

கணக்கோடு ஒட்டிய இன்னொரு பிழையும் உண்டு. பெரும்பாலான பிஸ்டல்களில் கடைசித் தோட்டா போனதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் நகர்ந்து அப்படியே நின்றுவிடும். துப்பாக்கி வாய் பிளந்து நிற்பதுபோலத் தெரியும். வில்லன் அந்தப் பிளந்த வாயோடு நான்கு பேரை மிரட்டுவான், நால்வரும் நடுங்குவார்கள். பழகியவர் கண்ணுக்கு அது காலி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஊற்றிவிடுவேன் என்று மிரட்டுவதுபோல இருக்கும்.

இதற்கு நேர் எதிரான வியாதி, பேசும்போதெல்லாம் ஸ்லைடை இழுத்து விடுவது. வசனத்துக்கு முன் ஒரு ‘கிளிக்’, பின் ஒரு ‘கிளிக்’. தோட்டா ஏற்கெனவே உள்ளே ஏறியிருந்தால், மறுபடி இழுத்ததும் அந்த நல்ல தோட்டா வெளியே தெறித்துத் தரையில் உருளும். தெறிக்கவில்லை என்றால் அதுவரை அவர் காலித் துப்பாக்கியைத்தான் நீட்டிக்கொண்டிருந்தார் என்று பொருள். பின்பக்கம் சுத்தி போல நின்று, விசையை அழுத்தியதும் விழுந்து அடிக்கும் பாகத்தைக் குதிரை என்பார்கள். கிளாக்கில் வெளியே தெரியும் குதிரையே கிடையாது. ஆனாலும் ஒலிக்கலவை அறையில் யாரோ அதற்கும் குதிரையை இழுக்கும் சத்தத்தைச் சேர்த்துவிடுகிறார்.

விரல் விஷயத்தில் மாமா கோபப்படுவார். என்.சி.சி.யில் எங்களுக்குக் கொடுத்தது பாயிண்ட் 22 ரைபிள், 25 மீட்டர் தூரம், ஆளுக்கு ஐந்து தோட்டா. படுத்து, மூச்சை அடக்கி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். எனக்கு அவசரம். ஐந்தில் மூன்றுதான் தாளில் விழுந்தன. சுட்டு முடித்துத் திரும்பி நண்பனைப் பார்த்துச் சிரித்தபோது துப்பாக்கியின் முனையும் என்னோடு திரும்பியிருக்கிறது, விரலும் விசை மேலேயே இருந்திருக்கிறது. பயிற்சி கொடுத்த சுபேதார் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து முனையை மறுபடி இலக்குப் பக்கம் திருப்பிய வேகம் இன்றும் நினைவிருக்கிறது. “காலி கர்” என்ற கட்டளை, பிறகு “ஜாஞ்ச் சஸ்த்ர” என்று ஒரு சோதனை, அதன் பிறகுதான் எழ விட்டார். என் துப்பாக்கி உண்மையில் காலி. அது அவருக்குப் பொருட்டே இல்லை. சுடப்போகும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி இருக்க வேண்டும். நம் படங்களில் காவல்துறை அதிகாரி விசையில் விரலை வைத்துக்கொண்டே படிக்கட்டு ஏறுகிறார், சக அதிகாரியின் முதுகைப் பார்த்துக் குழலை நீட்டியபடி ஓடுகிறார், துப்பாக்கி முனையால் நெற்றியைச் சொறிந்துகொள்கிறார். ஒரு நடிகர் இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தால் போதும், பயிற்சி பெற்ற ஆள் என்று பார்வையாளர் நம்பிவிடுவார். செலவும் இல்லை.

தம்பியின் கதையில் சைலன்சர் வந்தது. ஏலக்கூட்டத்தின் நடுவே ‘ப்யூக்’ என்று ஒரு சத்தம், ஆள் சரிகிறான், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியவில்லை. மாமா கேட்டார்: “தம்பி, புல்லட் வண்டியில் சைலன்சர் இருக்கிறதா இல்லையா? பேசின் பாலம் ஏறும்போது உனக்குக் கேட்கிறதா இல்லையா?” அவ்வளவுதான் விளக்கம். இந்தக் கருவிக்கு 1909-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், மோட்டார் வண்டிகளின் சத்தத்தை அடக்கவும் இதே வழியில் வேலை செய்தவர். 9 எம்.எம். பிஸ்டலின் சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் முப்பது டெசிபல் அளவுக்குக் குறைக்கும். மிச்சம் 130. நம் நாட்டில் வெடிகளுக்கு நான்கு மீட்டர் தூரத்தில் சட்டம் வைத்திருக்கும் எல்லை 125. மீன் ஏலத்தில் எவ்வளவு கூச்சல் இருந்தாலும் பக்கத்தில் வெடி வெடித்தால் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்களா? அதோடு, குண்டு ஒலியை விட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கும் சத்தம் தனி. அதை எந்தச் சைலன்சரும் அடக்காது. ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவது இன்னும் வேடிக்கை. தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகச் சத்தமும் வாயுவும் வெளியேறிவிடும். அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட பழைய ரஷ்ய நகாந்த் போன்றவை விதிவிலக்கு.

சத்தம் பற்றிய இன்னொரு பொய் காதைப் பற்றியது. மூடிய அறையில் நாற்பது குண்டு வெடித்த பிறகு கதாநாயகன் கதாநாயகியின் காதருகே கிசுகிசுக்கிறான், அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. உண்மையில் இருவருக்கும் காதில் ஒரு விசில் ஓடிக்கொண்டிருக்கும், கத்தித்தான் பேச வேண்டும். மாமாவுக்கு இடது காது மந்தம். அவரிடம் பேசுகிறவர்கள் பழக்கத்தில் வலப்பக்கமாகவே போய் உட்காருவார்கள். அன்று தம்பியும் தெரியாமல் இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டு, பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டான்.

குண்டு பட்டவன் பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவது பள்ளி இயற்பியலோடு நிற்காது. 9 எம்.எம். குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் விநாடிக்கு 360 மீட்டர் அளவு. அது 70 கிலோ மனிதரின் உடலில் தங்கிவிட்டால் அவரை விநாடிக்கு நான்கு சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தும். காலை நேரப் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் இடிப்பது இதைவிட அதிகம். அப்படித் தூக்கி எறியும் உந்துதல் இருந்தால் சுட்டவரும் எதிர்ப்பக்கம் பறக்க வேண்டும். அடிபட்டவர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே மடங்கி உட்காருவார். சில வேளை அடிபட்டதே தெரியாமல் சிறிது தூரம் ஓடுவார்.

தமிழ் சினிமாவுக்கு இதில் பாடம் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் அங்கிருந்து பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள், இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆருக்குக் காதருகே பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது. கழுத்தில் கட்டோடு இருந்த அவருடைய படம் தேர்தல் சுவரொட்டியானது, பரங்கிமலையில் வென்றார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. பத்தாண்டு கழித்து முதலமைச்சரானபோதும் அந்தக் குரலோடுதான் பேசினார். அப்படி வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் காயத்தை நம் கதாநாயகர்கள் அடுத்த பாட்டுக்குள் ஆற்றிவிடுகிறார்கள், குறிப்பாகத் தோள்பட்டைக் காயத்தை. தோளில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, கைக்குப் போகும் நரம்புகள் கற்றையாகப் போகின்றன. அங்கே குண்டு பட்டால் உயிரும் போகலாம், கையும் செயலிழக்கலாம். காய்ச்சிய கத்தியால் நண்பன் குண்டைத் தோண்டி எடுப்பது காயத்தைப் பெரிதாக்கும். எடுப்பதே ஆபத்து என்றால் மருத்துவர்கள் குண்டை உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. காசிமேட்டில் சுடப்பட்டவனை எந்த நண்பனும் முதலில் ராயபுரம் தாண்டி ஸ்டான்லி மருத்துவமனைக்குத்தான் தூக்கிப்போவான். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும், கதையும் சூடு பிடிக்கும். கத்தியைக் காய்ச்சும் நேரத்தில் இதை எழுதலாமே.

மறைவிடம். தம்பியின் நாயகன் மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். மாமா சிரித்தேவிட்டார். அந்தப் பெட்டி ஆளை மறைக்கும், குண்டைத் தடுக்காது. பிளாஸ்டிக் பீப்பாய், மரப்பலகை, கார்க் கதவு எல்லாம் அந்த வகைதான். காரில் ஓரளவு நம்பத்தகுந்த இடம் என்ஜின் பக்கம் ஒன்றுதான். எண்ணூர் சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னரும் பார்க்கத்தான் இரும்புக் கோட்டை. அதன் தகடு இரண்டு மில்லிமீட்டர் அளவு. ராணுவ ரைபிள் குண்டு அதைத் துளைத்துப் போகும். காசிமேட்டில் நல்ல மறைவிடம் வேண்டுமென்றால் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளும், கடலுக்குள் நீளும் கல் அணையான தூண்டில் வளைவும் இருக்கின்றன. படம்பிடிக்கவும் அழகு.

மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஈயத்துக்குச் செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டு இரும்பில் பட்டால் தீபாவளி மத்தாப்பு போலப் பொறி பறக்காது. பெட்ரோல் டாங்கில் பட்டால் ஓட்டை விழும், ஒழுகும், வெடிக்காது. துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குறிபார்க்கும் முனைகள் பயன்படாமல் போகும். இரண்டு கையில் இரண்டு பிஸ்டல் என்றால் இரண்டும் குறி தப்பும், மேகசின் மாற்ற மூன்றாவது கை வேண்டும். மாமா வைத்திருந்த வகை இரட்டைக் குழலில் இரண்டு தோட்டாதான், வங்கி கவுண்டர் தூரத்தில் அதன் ரவைகள் உள்ளங்கை அகலம்தான் பரவும், சுவரையே பெயர்க்காது. கூட்டத்தை அடக்க வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு எங்கோ ஒரு மொட்டை மாடியில் இறங்கும். கொண்டாட்டமாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று ஆயுதச் சட்டத்தில் 2019-ல் சேர்த்தார்கள்.

எனக்கென்று ஒரு மனக்குறை உண்டு. வடசென்னை என்று பெயர்ப்பலகை காட்டியதும் ஆளுக்கொரு பிஸ்டல் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் துப்பாக்கியை அருகில் பார்க்கக் கிடைத்த இடங்கள் இரண்டு: என்.சி.சி. மைதானம், மாமாவின் மடி. உரிமம் வாங்க வேண்டும் என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். கிடைத்தாலும் 9 எம்.எம். சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையாது. பெரும்பாலும் பாயிண்ட் 32 தான். கதையில் ஒருவன் கையில் 9 எம்.எம். இருந்தால், அது எப்படி வந்தது என்பதற்கே ஒரு காட்சி எழுத வேண்டும்.

படப்பிடிப்பில் செய்யும் தவறு இவை எல்லாவற்றையும் விட மோசம். வெடிமருந்து மட்டும் உள்ள, குண்டு முனை இல்லாத வெற்றுத் தோட்டாதானே என்று அலட்சியப்படுத்துவது. 1993-ல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது வெற்றுத் தோட்டாவால்தான். முன்பு சிக்கியிருந்த ஒரு குண்டு முனை குழலுக்குள் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை, வெற்றுத் தோட்டாவின் வெடிமருந்து அதை வெளியே தள்ளிவிட்டது. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒத்திகையின்போது ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிர் போனது. அங்கே இருக்கவே கூடாத உண்மைத் தோட்டா துப்பாக்கிக்குள் இருந்தது. குறும்படத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி போதும், தீப்பொறியைக் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பொம்மையோடு துறைமுகத்துக்குப் போவதற்கு முன்பும் காவல் நிலையத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் காவலருக்கு அது பொம்மை என்று தெரியாது.

பத்து நாள் கழித்துத் தம்பி திருத்திய கடைசிக் காட்சியோடு மறுபடி வந்தான். நாற்காலியை மாமாவின் வலப்பக்கம் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினான். மாமா செய்தித்தாளை விரித்தார். பாறைகளுக்குப் பின்னால் முதல் குண்டு, ஒரு கடலை. படகின் விளக்கு உடைந்தது, இரண்டாவது. நடுவில் நாயகன் விரலை விசையிலிருந்து எடுத்தபோது மாமா தலையை ஆட்டினார். ஐந்து. ஆறு. தம்பி அடுத்த வரியைப் படித்தான்: ‘விசையை அழுத்துகிறான். சத்தம் இல்லை.’ மாமா ஏழாவது கடலையை எடுத்து, தோலை ஊதிவிட்டு, அவன் கையில் கொடுத்தார்.