பேக்கப் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்

பேக்கப் எடுத்து முடிந்ததும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் அது பாதி பேக்கப்தான். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தால், அந்த நேரத்தில் இணைந்திருக்கும் டிஸ்க்கில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே பூட்டிவிடும். மின்னழுத்தம் திடீரென ஏறினாலும் இரண்டும் ஒன்றாகப் போக வாய்ப்புண்டு.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இருக்கிறதே என்று கேட்கலாம். அவை முக்கியமாகச் செய்வது சிங்க், அதாவது கணினியிலும் ஆன்லைனிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைப்பது. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். குழந்தையின் படங்கள் காணோம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிகிறது என்றால் என்ன செய்வது?

பேக்கப் எடுக்க விண்டோஸில் ஏற்கெனவே உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதியே போதும், காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். வாரம் ஒருமுறை டிஸ்க்கைச் செருகி ஓட விடுங்கள். எப்போதாவது ஒரு கோப்பை அதிலிருந்து மீட்டுத் திறந்தும் பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

தினமும் கணக்கு எழுதுபவர்களுக்கு வாரம் ஒருமுறை போதாது. செருக மறந்துவிடும் ஆளுக்கும் இது சரிப்படாது. அவர்களுக்குத் தானாக ஓடும் ஆன்லைன் பேக்கப்தான் (வெறும் சிங்க் அல்ல) நல்லது. வீட்டில் திருட்டு, தீ, வெள்ளம் என்றால் அலமாரி டிஸ்க்கும் தப்பாது. மாதக்கணக்கில் சும்மா வைக்க எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) விட சாதாரண ஹார்ட் டிஸ்க்கே மேல். மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியில் தரவு கெடக்கூடும்.