விசா வரவில்லை, விமானம் நெருங்குகிறது: திருகோணமலையில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

அக்காவின் மகளுக்குக் கலியாணம். விமானத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. என் கடவுச்சீட்டோ இன்னும் கொழும்பில், ஒரு தூதரகத்தில். வீட்டில் மிளகாய்த்தூள் இடித்தாயிற்று, ஒடியல்மா பொதி கட்டியாயிற்று. நான் செய்ததெல்லாம் விடிய எழும்பிப் போனில் விண்ணப்ப நிலையைப் பார்ப்பதும், கோணேசருக்கு நேர்த்தி வைப்பதும்தான். நேர்த்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் செய்திருக்கவேண்டிய வேலைகள் வேறு இருந்தன. முதல் தடவை வெளிநாடு போகிறவர்களுக்காக அவற்றை வரிசையாக எழுதுகிறேன். நான் கேட்டது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா, ஆகவே இங்கே வரும் விசா விதிகள் அதற்குரியவை.

படி 1: உண்மையிலேயே தாமதமா என்று பாருங்கள்

ஷெங்கன் விதிப்படி முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள். கூடுதலாக ஆராயவேண்டும் என்றால் 45 நாள் வரை போகலாம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான். பதினாறாம் நாள் விடிந்துவிட்டது என்பதற்காக விசா இல்லை என்று அர்த்தமாகாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நான் மூன்று வாரம் இருக்கும்போது போனேன், அது என் பிழை.

இன்னொன்று: கைரேகை எடுக்கும் நிலையம் முடிவு எடுப்பதில்லை. கடதாசிகளை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புவதே அவர்கள் வேலை. அங்கே தினமும் போன் எடுத்துக் கோபப்படுவதில் பயனில்லை.

படி 2: விமானத்திலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள்

இதைத்தான் நான் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்கவேண்டும். ஒரு கடதாசி எடுங்கள். உங்கள் விமானம் சனிக்கிழமை அதிகாலை 3 மணி என்று வைப்போம். அப்படியென்றால் வெள்ளி இரவே கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்கவேண்டும். (சனி இரவு என்று நினைத்துத் தவறவிட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.) கடவுச்சீட்டு பிந்தினாலும் வெள்ளி பின்னேரத்துக்குள் கொழும்பில் உங்கள் கைக்கு வரவேண்டும். எங்களுக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வியாழன் இரவு ரயிலில் ஏறினால் விடியும் முன்னரே கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கலாம். ஆகவே வியாழன் மத்தியானத்துக்குள் 'கடவுச்சீட்டு திரும்பிவிட்டது' என்ற செய்தி வந்திருக்கவேண்டும். இடையில் போயா வந்தால் இன்னும் ஒரு நாள் முன்னே தள்ளுங்கள். தூதரகங்கள் தங்கள் நாட்டு விடுமுறைக்கும் மூடும், அதையும் பாருங்கள்.

அந்த வியாழனை வட்டமிடுங்கள். அன்று மத்தியானம் வரை செய்தி இல்லையென்றால் டிக்கெட்டை மாற்றுவது என்று வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் பேசினால் மாமா ஒன்று சொல்வார், சித்தி ஒன்று சொல்வா, நாள் போய்விடும்.

கூரியரில் வீட்டுக்கு வரட்டும் என்று எழுதியிருந்தால், முடியுமானால் நேரில் எடுக்கும்படி மாற்றுங்கள். வேறொருவர் எடுக்கலாமா, அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவையுங்கள்.

படி 3: ஒரே ஒரு மின்னஞ்சல்

தூதரகத்தின் விசாப் பிரிவுக்கு எழுதுங்கள். தலைப்பிலேயே விண்ணப்ப இலக்கமும் பயணத் திகதியும் வரட்டும். உள்ளே கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், கைரேகை கொடுத்த திகதி, போகும் காரணம். கலியாண அழைப்பிதழை இணைக்கலாம். 'மேலும் ஏதாவது ஆவணம் வேண்டுமா?' என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். நான் இரண்டு பக்கம் அழுது எழுதினேன், பதில் வரவில்லை. நாலு வரியில் திருப்பி எழுதியதற்கு வந்தது.

அவசரத்தில் கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்காதீர்கள். விண்ணப்பத்தையே மீளப் பெறுவதாக அது ஆகிவிடலாம், கட்டிய கட்டணமும் திரும்பி வராது. 'உள்ளுக்குள் ஆள் இருக்கு' என்று வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள், காசு வேண்டாம்.

படி 4: டிக்கெட்

விசா உங்கள் கையில் இல்லை, டிக்கெட் இருக்கிறது. விற்றவரிடமே கேளுங்கள்: முகவரிடம் வாங்கியிருந்தால் முகவர், நேரே வாங்கியிருந்தால் விமான நிறுவனம். திகதி மாற்ற எவ்வளவு? எந்த நேரம் வரை மாற்றலாம்? சொல்லாமல் போகாவிட்டால் எவ்வளவு வெட்டுவார்கள்? மூன்றாவதற்கு வரும் பதில்தான் உங்களை எழுப்பி உட்காரவைக்கும். சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் திரும்பும் பயணமும் சேர்ந்தே ரத்தாகிவிடும். ஆகவே விமானம் கிளம்பும் முன் மாற்றுங்கள், மாற்றியதை எழுத்தில் வாங்குங்கள்.

மாற்றும்போது எத்தனை நாள் தள்ளுவது? நான் இரண்டு நாள் தள்ளலாம் என்றேன். முகவர்த் தம்பி, 'அண்ணே, இரண்டு தரம் காசு கட்டப் போறீங்களா?' என்று கேட்டார். ஒரு கிழமை தள்ளினேன். பயணக் காப்புறுதியின் திகதியையும் மாற்றி, புதிய பயண விவரத்தைத் தூதரகத்துக்கு அனுப்பினேன்.

விசா இல்லாமல் விமான நிலையத்துக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று நினைக்கவேண்டாம். ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், ஆகவே ஏற்றமாட்டார்கள். மாற்றிய டிக்கெட் எந்த ஊர் வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே இடைத்தங்கல் விசா வேண்டும். ஷெங்கன் விசாவே கையில் உள்ளவருக்கு அது தேவையில்லை. வேறெங்கோ போகிறவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான்.

படி 5: கடவுச்சீட்டு கைக்கு வந்ததும்

அங்கேயே, கவுண்டருக்கு முன்னாலேயே திறந்து பாருங்கள். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், திகதிகள். எங்கள் ஆட்களின் பெயரில் தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக இருப்பதால் எழுத்து மாறுவது சகஜம். 'எந்தத் திகதியில் இருந்து எதுவரை' என்பதும் 'எத்தனை நாள் தங்கலாம்' என்பதும் வேறு வேறு. இடையில் முப்பது நாள் இருந்தாலும் தங்கும் நாள் 15 என்று அடித்திருந்தால் பதினைந்துதான்.

மறுப்பு என்றால் காரணம் குறித்த தாள் தருவார்கள். மேன்முறையீடு செய்யலாம், அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். பறக்காத டிக்கெட்டின் விமான நிலைய வரியையாவது திருப்பிக் கேளுங்கள், பல நிறுவனங்கள் தரும்.

எனக்கு விசா வந்தது பழைய விமானம் போய் இரண்டாம் நாள். தாலி கட்டியதைப் போனில்தான் பார்த்தேன். நாலாஞ்சடங்குச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், மிளகாய்த்தூளோடு.