விலா எலும்பை 2லிருந்து எண்ணுங்கள்

நெஞ்சில் தேங்கிய காற்றையோ நீரையோ வெளியேற்றக் குழாய் வைக்குமுன், கழுத்துக் குழியிலிருந்து விரலை நெஞ்செலும்பின் மேலேயே சுமார் 5 செ.மீ. கீழே இறக்குங்கள். குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டிப் பக்கவாட்டில் இருப்பது 2ஆம் விலா எலும்பு, அங்கிருந்து எண்ணுங்கள். முதல் விலா, காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் விரலுக்குச் சரியாக எட்டாது. முலைக்காம்பை அடையாளமாக நம்பவே வேண்டாம். சிங்கப்பூர் வார்டுகளில் முதியவர்கள் அதிகம். மார்பு தளர்ந்தவர்களிடம் அது எங்கோ இறங்கியிருக்கும்.

5ஆம் இடைவெளியில் (5, 6ஆம் விலாக்களுக்கு நடுவே), நடு அக்குள் கோட்டுக்கு (அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழே இறங்கும் கற்பனைக் கோடு) சற்று முன்னால், 6ஆம் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே உள்ளே செல்லுங்கள். சிரை, தமனி, நரம்பு மூன்றும் மேலிருந்து கீழாக அதே வரிசையில், மேல் விலாவின் அடிப் பள்ளத்தில் ஓடுகின்றன. அந்தப் பள்ளத்தில் கத்தியோ ஊசியோ பட்டால் ரத்தக்கசிவை நிறுத்துவது பெரும்பாடு.

முதுகுப்பக்கம் இந்தக் கணக்கு உதவாது. முதுகெலும்புக்கு அருகே தமனி பள்ளத்துக்குள் ஒதுங்காமல் இடைவெளியின் நடுவில் கிடக்கும். முதியவர்களுக்கு வளைந்து நெளிந்தும் போகும். உடல் பருமனாக இருந்தால் மேடு விரலுக்குத் தெரியாது. அப்போது அல்ட்ராசவுண்டில் பார்த்தே இடத்தைக் குறியுங்கள். நீர் கோத்த நெஞ்சுக்கு எப்படியும் அது வேண்டும்.