டென்னிஸ், பேடல் ஆடும் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி: முதலில் நிற்கப் பழகட்டும்

எங்கள் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் பிள்ளை டென்னிஸ் மட்டையைப் பிடித்ததும், உடல் தேற வேண்டும் என்று பள்ளித் திடலைச் சுற்றி ஓட விடுவதே வழக்கம். ஆனால் ஒற்றையர் களத்தின் அகலம் 8.23 மீட்டர்தான், பேடலோ, கண்ணாடியும் கம்பி வலையும் சூழ்ந்த 20க்கு 10 மீட்டர் இடத்தில் நால்வர் ஆடும் மட்டைப்பந்து ஆட்டம். சில அடிகள் பாய்ந்து, நின்று, அடித்து, மறுபக்கம் திரும்புவதே இரண்டிலும் வேலை. என் மகள் பந்தை எட்டிய பிறகும் தடுமாறிக்கொண்டே அடித்ததால், அவளுடைய பயிற்சியில் நிற்பதற்கே முதலிடம் கொடுத்தேன்.

முதல் படி, உடலைச் சூடேற்றுவது. மெதுவோட்டம், பக்கவாட்டு நடை, கயிறு தாண்டுதல் எனப் பத்து நிமிடம் போதும். நம் ஊரில் மாலை ஐந்து மணிக்கும் வெயில் தணியாது என்பதால் ஐந்தரைக்கு மேல் தொடங்குங்கள்.

இரண்டாம் படிதான் முக்கியம். ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். பிள்ளை பாதி வேகத்தில் ஓடி, இரண்டாம் கோட்டுக்கு முன் மூன்று சிற்றடிகளில் வேகத்தைக் குறைத்து, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். நிற்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்பதைக் கவனியுங்கள். வெறும் கண்ணுக்கு இது தப்பிவிடும் என்பதால், முன்னாலிருந்து கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். சாய்ந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். முழங்கால் பாதத்தின் திசையிலேயே நின்ற பிறகு, பக்கவாட்டில் ஓடி நிற்பதையும், பேடலுக்காகச் சுவரை நோக்கிப் பின்வாங்கி, திரும்பி நிற்பதையும் சேர்க்கலாம். பக்கத்துக்கு ஆறு முறை செய்யட்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே 25 விநாடி ஓய்வு கொடுங்கள். டென்னிஸில் இரு புள்ளிகளுக்கு இடையே கிடைக்கும் நேரமும் அதுதான்.

தரையில் விரிக்கும் பயிற்சி ஏணியை வாங்காதீர்கள் என்பேன். அதில் கால்கள் முன்பே தெரிந்த தாளத்தில் ஆடுகின்றனவே தவிர, பந்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. நீங்கள் தோள் உயரத்திலிருந்து பந்தை நழுவ விட, அது இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் பிள்ளை பாய்ந்து பிடிப்பதே மேலான பயிற்சி. அந்தக் காசுக்குப் பக்கவாட்டில் பிடிப்புள்ள டென்னிஸ் காலணி வாங்குங்கள். மெத்தென்ற ஓட்டக் காலணி கணுக்காலைப் புரட்டிவிடும்.

மூன்றாம் படியாக, வாரத்தில் இரண்டு நாள் குந்தி எழுதல், பக்கவாட்டில் காலை அகட்டித் தாழ்தல், தண்டால் ஆகியவற்றோடு, முழங்கையை விலாவில் ஒட்டி வைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்கும் தோள்பயிற்சியும் வேண்டும்.

பின்சேர்க்கை: குதிகால் வலியைப் பற்றிச் சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். வளரும் வயதில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் எலும்பு வளரும் இடங்கள் மென்மையாக இருப்பதால், வலி வந்தால் தாவல்களை நிறுத்திவிடுங்கள். சர்வீஸ் போடும்போது கீழ்முதுகு வலித்து, அது இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், முதுகெலும்பில் விரிசல் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் கூறும் அளவு. பன்னிரண்டு வயதென்றால் ஆட்டமும் உடற்பயிற்சியும் சேர்த்து வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்.