முதலில் துடைப்போம், அப்புறம் திருகுவோம்: ஆர்சி பக்கி பராமரிப்பு, புதியவர்களுக்காக

போன சித்திரையில் அக்கா மகன் தன் ஆர்சி பக்கியை, அதாவது ரிமோட்டில் மண்ணில் ஓடும் குட்டிப் பந்தய வண்டியை, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மாமா, நேரா விட்டா வலது பக்கமே இழுக்குது. ரிமோட்டுல நேர் ஓட்டத்தைச் சரிபண்ற ட்ரிம்மை இடது பக்கம் முழுசா திருப்பிப் பாத்துட்டேன், அப்பவும் போகுது" என்றான். முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராடுகளின் நீளத்தையும் மாற்றி வைத்திருந்தான். வண்டியைக் கவிழ்த்து முன் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுண்டிவிட்டேன். இடது சக்கரம் பத்துச் சுற்றுக்கு மேல் ஓடியது. வலது சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. பேரிங் முழுக்கத் தூசி. அதை மாற்றி, ராடுகளைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து, ட்ரிம்மை நடுவில் வைத்ததும் வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது.

புதிதாக ஆர்சி பக்கி வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் டியூனிங் சந்தேகங்களில் பாதிக்கு மேல் இப்படித் தூசியில்தான் போய் முடிகின்றன. அதனால் இந்தப் பதிவில் சுத்தம் முதலில் வரும், டியூனிங் கடைசியில் வரும். நான் எடுத்துக்கொள்வது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மின்சார பக்கி. ஆரம்பிக்க இதுவே நல்ல வண்டி.

நம் ஊர்த் தூசி

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளும் அறுக்கும் பட்டறைகளும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. ஷாக் (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) உடம்பு செய்யும் அலுமினியம் 3-ஐ ஒட்டித்தான் வரும். ஆகவே இந்தத் தூசி வண்டிக்குள் போனால் உப்புத்தாள் வேலையைச் செய்யும். கோடையில் ஏரி உள்வாய் காய்ந்து கிடக்கும்போது ஓட்டினால் தூசி இன்னும் மெல்லிசு. மாவுபோல் எந்தச் சந்திலும் புகுந்துவிடும்.

ஓட்டி முடித்ததும் பத்து நிமிடம்

முதலில் வண்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் ரிமோட்டை அணையுங்கள். ஓட்டத் தொடங்கும்போது இதற்கு நேர்மாறு: ரிமோட் முதலில், வண்டி பிறகு. இந்த வரிசை தப்பினால் சிக்னல் இல்லாத வண்டி தன் போக்கில் பாயும் ஆபத்து உண்டு.

பேட்டரியைக் கழற்றுங்கள். அரை அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டிவிடுங்கள். பஞ்சர் கடை காம்ப்ரஸரில் ஊதலாம், ஆனால் பேரிங்கை நோக்கி நேராக ஊதக் கூடாது. வெளியே இருக்கும் தூசியை அந்தக் காற்றே உள்ளே தள்ளிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். பெட்ரோல், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் மேல் மூடியின் பாலிகார்பனேட்டையும் கெடுத்துவிடும், கிட்டவே கொண்டுவராதீர்கள். ஈரத்துணி போதும். பிசுக்கு இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால்.

துடைக்கும்போதே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டுப் பாருங்கள். 1.5, 2, 2.5 மி.மீ. ஆலன் கீயும் சக்கர நட்டுக்கான 7 மி.மீ. ஸ்பேனரும் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் முக்கால்வாசி வேலை முடியும். மலிவான ஆலன் கீ ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் மோட்டார் அல்ல, ஆலன் கீதான். உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு நீல நிறத் திரெட்லாக் (ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்குவதற்கு வைக்கக் கூடாது.

பேரிங்

நான்கு சக்கரங்களையும் சுண்டிப் பாருங்கள். பின் சக்கரங்கள் கியரோடு சேர்ந்திருப்பதால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும். முன் சக்கரம் தங்குதடையில்லாமல் ஓட வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கை வெளியே எடுத்து, அதன் ரப்பர் மூடியை பிளேடு நுனியால் மெல்ல நெம்பிக் கழற்றுங்கள். ஆல்கஹாலில் ஊறவைத்து, சுற்றி, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டு மூடுங்கள். அதற்கு மேல் விட்டால் எண்ணெயே தூசியை இழுக்கும். தேங்காய் எண்ணெய் உதவாது. மார்கழியில் நம் ஊரில் அது பாட்டிலிலேயே உறைந்துபோகிறது, பேரிங்குக்குள் மட்டும் இளகியிருக்குமா? சுத்தம் செய்த பிறகும் கரகரப்பு போகவில்லையென்றால் புதிது போடுங்கள்.

ஷாக்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் விட்ட ஆர்சி10 வண்டி, எண்ணெய் நிரப்பிய ஷாக்குகளோடுதான் வந்தது. இன்றைய பக்கியும் அதே வழியில்தான் நிற்கிறது. ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது எண்ணெய்.

ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து பழைய எண்ணெயைக் கொட்டுங்கள். அது சாம்பல் நிறமாக இருந்தால் தூசியும் அலுமினியத் துகளும் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். உள்ளே துடைத்துவிட்டு, தண்டை முழுவதும் கீழே இழுத்து, புதிய சிலிக்கோன் எண்ணெயை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுங்கள். தண்டை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் குமிழிகள் எழும். ஷாக்கை நேராக நிறுத்தி ஐந்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் குமிழி உள்ளேயே தங்கி, வண்டி தரையில் இறங்கும்போது சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். குமிழி அடங்கியதும் எண்ணெயை விளிம்புவரை நிரப்பி, மேலே ரப்பர் சவ்வை வைத்து, மூடியைப் பாதி திருகி, தண்டை மெல்ல மேலே தள்ளுங்கள். மிஞ்சிய எண்ணெய் கசிந்து வெளியேறும். பிறகு மூடியை இறுக்குங்கள்.

இப்போது சோதனை. இடது, வலது ஷாக்குகளின் தண்டு முனைகளை எதிரெதிராக வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். இரண்டும் ஒரே அளவு உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அந்த ஜோடியை மறுபடி திறந்து நிரப்புங்கள். இடமும் வலமும் ஒத்துப்போகாத வண்டியை எந்த டியூனிங்கும் காப்பாற்றாது.

எண்ணெயின் தடிமன்: கையேட்டில் சொன்னதிலேயே தொடங்குங்கள். முன்னால் 350 முதல் 400 சென்டிஸ்டோக் (எண்ணெய்த் தடிமனின் அளவு, எண் கூடினால் தடிமனும் கூடும்), பின்னால் அதைவிடக் கொஞ்சம் மெல்லியது என்பது பல வண்டிகளுக்கு ஒத்துவரும். சூடு ஏற ஏற எண்ணெய் இளகும். அதனால் மே மாத மத்தியானத்துக்கு ஒரு படி தடித்ததும், மார்கழிக் காலைக்கு ஒரு படி மெல்லியதும் நான் போடுவேன்.

கியர், மோட்டார்

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கியரான பினியனும் அது சுற்றும் பெரிய ஸ்பர் கியரும் சேரும் இடத்தில் ஒரு நோட்டுத்தாள் துண்டைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கி இறுக்கிவிட்டு, தாளை உருவிவிடுங்கள். பற்களுக்கு நடுவே மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பர் கியரைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், சில சமயம் அது முழு வட்டமாக இருக்காது. டிஃப் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்), ஸ்லிப்பர் (திடீர் இழுப்பில் வழுக்கிக் கியரைக் காக்கும் கிளட்ச்) இரண்டையும் முதல் சில மாதம் தொட வேண்டாம்.

ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் சூட்டைப் பாருங்கள். 70 டிகிரியைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானி பெரும்பாலும் உடல் சூட்டு அளவோடு நின்றுவிடும், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானிதான் வேண்டும்.

பேட்டரி

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ஓட்டாமல் எடுத்து வைக்கும்போது 3.8. ஓட்டும்போது 3.2-க்குக் கீழே போகாதபடி ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கட்ஆஃப் வையுங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும். நான் ஒரு தடவை முழுச் சார்ஜ் பேட்டரியை வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவிட்டேன். மாலையில் பார்த்தபோது தலையணைபோல் உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. எந்த லிப்போவையும் ஆள் இல்லாத அறையிலோ இரவு தூங்கும்போதோ சார்ஜில் விடாதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் அது.

இனி டியூனிங்

பேட்டரியைப் பொருத்தி, வண்டியைச் சமமான பலகையில் அரைச் சாண் உயரத்திலிருந்து விடுங்கள். வண்டி நின்றதும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் தரைக்கு இணையாக இருந்தால் நல்ல தொடக்கம். இல்லையென்றால் ஸ்பிரிங் வளையத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள், இரு பக்கமும் சம அளவில். நான் மாம்பழ கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் கிரானைட் பலகைத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அதைவிடச் சமமான மேசை எனக்குக் கிடைத்ததில்லை.

சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். நான்கிலும் 1 டிகிரி வையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. முன் டோ பூஜ்யம். பின் டோ பெரும்பாலும் 3 டிகிரி உள்நோக்கி வண்டியிலேயே அமைந்திருக்கும், அப்படியே விடுங்கள்.

பிறகு மண்ணுக்குப் போங்கள். நம் செம்மண் அடியில் கெட்டி, மேலே பொடிக்கல். குட்டி முள் டயர் அதன்மேல் சறுக்கும், நடுத்தர உயர முள் வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் நோட்டில் எழுதிவிட்டு.

வளைவில் மூக்கு திரும்ப மறுத்தால் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், அல்லது பேட்டரியை ஒரு துளி முன்னே நகர்த்துங்கள். பின்பக்கம் வழுக்கிச் சுழன்றால் பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கி, பேட்டரியைப் பின்னே தள்ளுங்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது வயிறு தரையில் அடித்தால் எண்ணெயை ஒரு படி தடித்ததாக மாற்றுங்கள். சின்னக் குழிகளில் வண்டி உதைத்துத் துள்ளினால் ஒரு படி மெல்லியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து சுற்றாவது ஓட்டுங்கள். பலன் தெரியவில்லையென்றால் பழைய நிலைக்கே திருப்பி வைத்துவிட்டு, முன் சக்கரங்களை மறுபடி ஒருமுறை சுண்டிப் பாருங்கள்.