கிளினிக் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதுகாப்பு, தர ஆய்வுக்குத் தேதி குறிக்கப்பட்டதும் பல கிளினிக்குகளில் முதலில் நடப்பது, விடுபட்ட பதிவேடுகளை ஒரே மூச்சில் எழுதி நிரப்புவதுதான். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் ஒரு மாதத்து வெப்பநிலைப் பதிவு முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், விடுமுறை நாட்கள் உட்பட எல்லா நாளும் 4 டிகிரி என்றே இருந்தால், அது ஒரே மாலையில் எழுதப்பட்டது என்பதை அனுபவமுள்ள ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டும்போதே கண்டுகொள்வார்; அதன் பிறகு உண்மையாக எழுதப்பட்டவற்றையும் ஐயத்துடனேயே பார்ப்பார். விடுபட்ட நாளை அப்படியே விட்டு, காரணத்தையும் பின்னர் செய்த மாற்றத்தையும் இன்றைய தேதியிட்டு எழுதி வைப்பதே நேர்மையானது.

தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் வெப்பம் கூடுவதற்கு அஞ்சும் அளவுக்கு உறைந்துபோவதற்கு நாம் அஞ்சுவதில்லை. ஹெபடைட்டிஸ் பி, முத்தடுப்பூசி (டிபிடி) போன்றவை ஒருமுறை உறைந்துவிட்டால் திறனை இழந்துவிடும். ஆகவே அவற்றை உறைபெட்டியை ஒட்டி வைப்பது, கதவுத் தட்டில் வைப்பதைப் போலவே தவறு. காலையிலும் மாலையிலும் அப்போதைய அளவை மட்டும் குறிப்பதும் போதாது. இரவில் மின்சாரம் நின்று திரும்பியதைக் காலையில் தெரியும் 5 டிகிரி சொல்லாது. வெப்பமானி பதிந்து வைத்திருக்கும் அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகள்தாம் சொல்லும்.

நீராவியால் கருவிகளின் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறியதையே கிருமி நீங்கியதற்குச் சான்றாகக் கொள்வதும் தவறு. பொட்டலம் வெப்பத்துக்கு உட்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் நீராவி உள்ளே எட்டியதா என்பதை உள்ளே வைக்கும் குறிகாட்டியும், வெப்பத்தை எளிதில் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளும் அழிந்தனவா என்று குறித்த இடைவெளியில் செய்யும் சோதனையுமே உறுதிப்படுத்தும். ஊசிக் கழிவுப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றப்பட வேண்டும். பலமுறை மருந்தெடுக்கும் குப்பியில் திறந்த தேதி எழுதப்பட வேண்டும்.

அவசர மருந்துகள் இருப்பதாகப் பட்டியல் காட்டினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. அட்ரினலின் பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி வீட்டுக்குப் போனவரிடம் இருந்தால், ஊசி போட்டதும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறுபவருக்கு அந்தப் பட்டியலால் எந்தப் பயனும் இல்லை.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஆய்வக முடிவுகள்தாம். "முடிவில் ஏதாவது இருந்தால் கூப்பிடுகிறோம்" என்று சொல்லி நோயாளியை அனுப்பும் வழக்கத்தில், அழைப்பு வராததை அவர் நலமென்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் மாதிரி ஆய்வகத்துக்கே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், அல்லது மருத்துவர் விடுப்பில் இருந்த வாரத்தில் வந்த தாள் யார் கண்ணிலும் படாமல் கோப்புக்குள் போயிருக்கலாம். வந்த முடிவுகளை மட்டும் பதிவு செய்யும் ஏட்டால் வராத முடிவைக் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பிய நாள், முடிவு வந்த நாள், பார்த்தவர், நோயாளிக்குத் தெரிவித்த நாள் ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தால், காலியாக நிற்கும் கட்டம் தானே கண்ணில் படும். மருத்துவர் இல்லாத நாட்களில் அதைப் பார்ப்பவர் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஊழியர்களுக்கு விடைகளை மனப்பாடம் செய்விப்பதும் வேண்டாம். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம், நெஞ்சுவலி என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று ஆய்வாளர் கேட்கலாம். டோக்கன் கொடுத்து உட்கார வைக்காமல் உடனே எழுந்து மருத்துவரின் அறைக்கதவைத் தட்டும் உரிமை தமக்கு உண்டு என்பது அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு அவர் தயங்கமாட்டார்.