கழுத்துத் தண்டுவடக் காயம்: விரல்களுக்கு மூளையில் இடம் பிடிக்கும் பயிற்சி

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு விரல்களுக்குச் செய்தி போவது நின்றுவிட்டால், மூளையில் விரல்களுக்கு இருந்த பகுதி காலியாகக் கிடப்பதில்லை. இன்னும் வேலை செய்யும் தசைகள் அங்கே பரவுகின்றன. மண்டைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்துச் சோதித்தால் பைசெப்ஸை (முழங்கையை மடக்கும் மேல்கைத் தசை) அசைக்கும் இடம் அகன்றிருப்பது தெரியும். எல்லா வேலையையும் தோளாலும் முழங்கையாலுமே சமாளித்தால் இந்தப் பரவல் வலுக்கும்.

முதலில் காயத்தின் தரம் தெரிய வேண்டும். டாக்டர்கள் இதை ஏ முதல் ஈ வரை எழுத்துகளால் குறிப்பார்கள், ஏ மிகக் கடுமையானது. சி, டி தரக் காயமென்றால், அதாவது காயத்துக்குக் கீழேயும் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தால், கீழ்க்கண்ட பயிற்சி பொருந்தும். ஏ தரத்தில், மணிக்கட்டு மட்டும் மேலே தூக்க வந்து (சி6, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) விரல்கள் அசையாவிட்டால் வழி வேறு: மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கும், அந்தப் பிடிதான் சொத்து. அதைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டாரின் அக்கறையே. எண்ணெய் தடவி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, விரல்களை நேராக இழுப்பார்கள். மடக்குத் தசைநாண் நீண்டு பிடி போய்விடும். விரலை நீட்டிவிடும்போது மணிக்கட்டு கீழே தொங்கியிருக்கட்டும்.

பயிற்சிக்கு நாளுக்கு 2 மணி நேரம், வாரம் 5 நாள், 3 வாரம். ஐந்து வகை வேலை, ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம்: துண்டு மடிப்பது போன்ற முழுக்கை வேலை, டம்ளரைப் பிடிப்பது, பாட்டில் மூடி திருகுவது, கடலை பொறுக்குவது, சாவி திருப்புவது. மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். உடம்பு சாய்ந்தால் மார்புக்குக் குறுக்கே பெல்ட். பத்துக்கு எட்டு முறை சரியாக வந்தால் பொருளைச் சிறிதாக்குங்கள். சுலபமானதையே திரும்பச் செய்வதில் மூளைக்குப் புதுப் பாடம் எதுவும் இல்லை.

இதோடு மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கம் ஓடும் மீடியன் நரம்புக்கு மின்தூண்டல் சேர்த்தால் பலன் கூடும்: 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 துடிப்பு என்ற வேகம்), அரை நொடி ஓட்டம், அரை நொடி ஓய்வு. அளவு, கட்டைவிரல் அடிச்சதை துடிப்பதற்குச் சற்றுக் கீழே. முதல் அமைப்பை பிசியோதெரபிஸ்ட் செய்யட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டாம். தோல் மரத்திருந்தால் சூடு தெரியாது. ஒவ்வொரு முறையும் மின்சாரம் பாய்ச்சும் ஒட்டுப்பட்டையை எடுத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் 2 நிமிடம் முன்னால் சாய்ந்து பிட்டத்தின் அழுத்தத்தை இறக்குங்கள். படுக்கைப்புண் வந்தால் பயிற்சியே நின்றுபோகும். திடீரெனத் தலை வெடிப்பது போல வலித்து முகம் வேர்த்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க, 2.5 செ.மீ மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து தடுப்பைத் தாண்டி அடுத்ததற்கு 60 நொடியில் எத்தனை மாற்ற முடிகிறது என்று வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எண்ணுங்கள். தோளை உயர்த்தி வீசிப் போட்ட கட்டைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.